வீட்டுப் பெரியவர்களிடம் சாவைப் பற்றிப் பேசுவது எப்படி: கேட்பதிலிருந்து எழுதி வைப்பது வரை

ஐசியூ கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டுவார். "மூச்சு விடச் சிரமப்படறார், குழாய் போடணும், கையெழுத்துப் போடுங்க" என்பார். யோசிக்க ஐந்து நிமிடம்கூட இருக்காது. மூத்தவன் வேண்டாம் என்கிறான், வெளிநாட்டில் இருக்கும் தங்கை போனில் அழுதுகொண்டே எல்லாம் செய்யச் சொல்கிறாள், அம்மா யாருக்கும் பதில் சொல்லாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே படுத்திருப்பவர் என்ன விரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. அல்லது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகத் தெரியும், அது இன்னும் மோசம்.

அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரியவரின் வாயிலிருந்து வந்து, எல்லாப் பிள்ளைகளின் காதிலும் விழுந்து, தாளிலும் ஏறிய விருப்பம் மட்டுமே அந்த இடத்தில் உதவும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு பிள்ளையிடம் மட்டும் ரகசியமாகச் சொன்ன ஆசை, எவ்வளவு உண்மையாக இருந்தாலும், "உன்கிட்ட மட்டும் எப்படிச் சொன்னார்?" என்ற சண்டையில்தான் போய் முடியும். அதனால் கீழே உள்ள படிகளில் எதைச் செய்தாலும் இந்த மூன்றையும் மனதில் வையுங்கள்: அவர் சொல்ல வேண்டும், எல்லாரும் கேட்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்தே சொல்கிறேன்.

படி 1: உங்களுடையதிலிருந்து தொடங்குங்கள்

அப்பாவிடம் போய் "உயில் எழுதிட்டீங்களா?" என்று கேட்கிற நமக்கு 40 வயதிருக்கும், வீட்டுக் கடன் இருக்கும், பள்ளிக்குப் போகிற குழந்தை இருக்கும், நம் காப்பீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கட்டியவருக்கே தெரியாது. விபத்து வயது பார்த்து வருவதில்லை. முதலில் ஒரு நோட்டில் உங்கள் கணக்கு, கடன், காப்பீடு, யாருக்கு என்ன, நினைவு தப்பிக் கிடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். அப்புறம் அதைக் கொண்டுபோய், "அப்பா, நான் என்னோடதை எழுதி வைச்சிருக்கேன், ஒரு தடவை படிச்சுப் பாருங்க, ஏதாவது விட்டுப்போச்சான்னு சொல்லுங்க" என்று கொடுங்கள். சொத்துக்குக் கணக்குப் போடுகிறான் என்ற சந்தேகம் எழ இடமே இல்லை, ஏனென்றால் நீங்கள் கேட்பது அவருடைய அனுபவத்தை. படித்து முடித்தபின் பெரும்பாலான அப்பாக்கள் தாமாகவே, "நானும் இப்படி ஒண்ணு எழுதணும்னுதான்டா இருக்கேன்" என்பார்கள்.

படி 2: இடமும் நேரமும்

பொங்கலுக்கு எல்லாரும் கூடியிருக்கும் பகலில் ஆரம்பித்தால், "நல்ல நாளும் அதுவுமா என்ன அச்சானியமான பேச்சு?" என்று அம்மா எழுந்து போய்விடுவார், அதோடு இன்னும் இரண்டு வருடத்துக்கு அந்தப் பேச்சை எடுக்க முடியாது. மருத்துவமனைக் கட்டிலும் சரியான இடம் இல்லை. அங்கே கேட்டால், டாக்டர் ஏதோ சொல்லிவிட்டார், அதை நம்மிடம் மறைக்கிறார்கள் என்றுதான் நோயாளிக்குத் தோன்றும்.

நம் ஊரில் இதற்கென்றே இயல்பாக அமைகிற ஒரு நேரம் உண்டு. துக்க வீட்டுக்குப் போய்த் திரும்பி, தலை முழுகி, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம். அப்போது யாரும் கேட்காமலே பெரியவர்கள் பேசுவார்கள். "கொடுத்து வைச்ச மனுஷன், ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர் காலையில எழுந்திருக்கல." அல்லது, "ஆறு மாசம் படுக்கையில கிடந்து, முதுகெல்லாம் புண்ணாகி, அந்தக் கஷ்டம் எதிரிக்கும் வரக்கூடாது." அந்த வாக்கியத்தைத் தவறவிடாதீர்கள். "உங்களுக்கு அப்படி ஒண்ணு வந்தா நாங்க என்ன செய்யணும்ப்பா?" என்று அங்கேயே கேட்கலாம். காரில் திரும்பும் வழியிலும் கேட்கலாம். முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு பேசும்போது சிலருக்கு வார்த்தை எளிதாக வரும்.

இன்னொன்று. அம்மாவைத் தனியாகக் கேளுங்கள். அப்பா பக்கத்தில் இருந்தால் "அவர் சொல்றதுதான்" என்று முடித்துவிடுவார். கீரை ஆய்ந்துகொண்டோ பூக் கட்டிக்கொண்டோ இருக்கும்போது கேட்டுப் பாருங்கள், அவருக்கென்று தெளிவான எண்ணங்கள் இருப்பது தெரியவரும். பல வீடுகளில் அப்பாவைவிட அம்மா இதையெல்லாம் அதிகம் யோசித்திருப்பார், கேட்கத்தான் ஆள் இருந்திருக்காது.

படி 3: என்ன சொல்வார்கள், நீங்கள் என்ன சொல்வது

"இப்பவே என்னை அனுப்பிடலாம்னு பாக்கறீங்களா?" இதற்குப் பதற வேண்டாம், விளக்கவுரையும் வேண்டாம். "இல்லப்பா. உங்களுக்கு முடியாமப் போனா நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கிட்டு நிக்கக்கூடாது. நீங்க சொன்னதைத்தான் செய்வோம், அதனால கேக்கறேன்." இவ்வளவு போதும்.

"எல்லாம் ஆண்டவன் பாத்துப்பான்." இதை மறுத்துப் பேசாதீர்கள். "சாவு அவன் கையிலதான்ம்மா. ஆனா குழாய் போடலாமா வேண்டாமான்னு டாக்டர் என்னைத்தானே கேப்பார்?"

"நீங்களா பாத்துச் செய்யுங்க." இதுதான் மிகவும் கடினமானது, ஏனென்றால் கேட்க அன்பாக இருக்கும், ஆனால் பதில் இல்லை. "சரிம்மா, நாங்கன்னா யாரு? எங்களுக்குள்ள ஒத்துவரலைன்னா கடைசியா யார் சொல்றதைக் கேக்கணும்?" என்று ஒரு பெயரையாவது வாங்கிவிடுங்கள். மருத்துவ விருப்பம் எதுவும் சொல்லாவிட்டாலும், முடிவெடுக்க ஒருவர் பெயரைச் சொன்னாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அழுதால் நிறுத்திவிடுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்காருங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டிய பேச்சு இல்லை இது, ஒரு வருடம் முழுக்கத் துண்டு துண்டாக நடந்தாலும் நல்லதுதான்.

படி 4: நோயின் பெயரை மறைக்காதீர்கள்

ஏற்கெனவே பெரிய நோய் வந்துவிட்ட வீட்டுக்கான படி இது. "அவருக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தாங்க மாட்டார்" என்று கதவோரம் நின்று சொல்லாத குடும்பம் குறைவு. அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் கீமோ வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிடும். புரிந்தபிறகு அவர் உங்களுக்காக நடிப்பார், நீங்கள் அவருக்காக நடிப்பீர்கள், கடைசி மாதங்கள் அந்த நடிப்பிலேயே கழிந்துவிடும். பேத்தி கல்யாணத்தை முன்கூட்டி வைக்கலாமா, குலதெய்வக் கோயிலுக்கு ஒரு தடவை போய்வரலாமா, பேசாமல் போன தம்பியிடம் பேசலாமா என்று அவர் முடிவெடுக்க வேண்டிய காலம் அது. அந்தக் காலத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது என்றே நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. "உங்க உடம்பைப் பத்தி டாக்டர் சொன்னதை முழுசாத் தெரிஞ்சுக்கணுமா, இல்ல நாங்க தெரிஞ்சு வைச்சுக்கட்டுமா?" என்று அவரிடமே கேளுங்கள். சிலர் "எனக்கு வேண்டாம், நீ பாத்துக்கோ" என்பார்கள். அதுவும் அவருடைய முடிவுதான், அப்படியே நடங்கள்.

படி 5: மருத்துவக் கேள்விகள், ஒவ்வொன்றாக

"எனக்குக் குழாயெல்லாம் வேண்டாம்" என்று பொதுவாகச் சொல்வது மருத்துவமனையில் உதவாது. எந்தக் குழாய்? எந்த நிலையில்? நிமோனியா வந்த 65 வயதுக்காரருக்கு நான்கு நாள் வென்டிலேட்டர் வைத்தால் பிழைத்து நடந்து வீட்டுக்கு வரலாம். உடம்பெல்லாம் பரவிய புற்றுநோயின் கடைசி வாரத்தில் வைக்கும் வென்டிலேட்டர் வேறு விஷயம். கருவி ஒன்றுதான், அது எதற்காக என்பதுதான் வேறு. ஆகவே "குணமாக வாய்ப்பிருந்தால்" என்றும் "டாக்டர்களே இனி மீள வழியில்லை என்று சொல்லிவிட்டால்" என்றும் இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்.

மீள வழியில்லாத நிலையில், மூச்சுக்குழாயும் வென்டிலேட்டரும் வேண்டுமா? இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மறுபடி ஓட வைக்க முயலலாமா? சினிமாவில் பார்ப்பதுபோல் இரண்டு அழுத்தில் எழுந்து உட்காருவது நடக்காது. தளர்ந்த உடம்பில் விலா எலும்புகள் முறியக்கூடிய சிகிச்சை அது. எதிர்காலத்தில் இதைச் செய்ய வேண்டாம் என்று டாக்டரும் நோயாளியும் குடும்பமும் முன்கூட்டிப் பேசிப் பதிவுசெய்வது பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது, எனவே டாக்டரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். சிறுநீரகம் நின்றால் டயாலிசிஸ்? விழுங்க முடியாமல் போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்றலாமா? இந்தக் கடைசிக் கேள்விதான் நம் வீடுகளில் அதிகம் வலிக்கும். பட்டினி போட்டுவிட்டோம் என்ற குற்ற உணர்வு வாழ்நாள் முழுக்க விடாது. உடம்பு அடங்கும் காலத்தில் பசி தானாகவே குறையும், வற்புறுத்தி ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. வாயை நனைத்துவிடுவது, உதட்டில் எண்ணெய் தடவுவது, இரண்டு சொட்டு பாலோ இளநீரோ அவர் ஏற்றால் கொடுப்பது, இவையெல்லாம் கவனிப்புதான் என்பதை எல்லாரும் முன்கூட்டித் தெரிந்துகொள்வது நல்லது.

எங்கே இருக்க விருப்பம் என்பதையும் கேளுங்கள். "என் வீட்டுக் கூரைக்குக் கீழதான் போகணும்" என்று பல பெரியவர்கள் சொல்வார்கள். பணத்தைப் பற்றியும் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். "என் வைத்தியத்துக்காக வீட்டை அடகு வைக்காதே" என்று ஒரு தகப்பன் தெளிவாகச் சொல்லியிருந்தால், நிறுத்தும் முடிவை எடுக்கும் மகனுக்கு அந்த ஒரு வாக்கியம் பெரிய துணை.

இங்கே ஒரு பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென் மாவட்டங்களில் சில இடங்களில், படுக்கையில் விழுந்த முதியவருக்குத் தலை முழுக எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிடும் தலைக்கூத்தல் என்ற வழக்கம் இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். அது கொலை. அந்த நினைவு உள்ளவரிடம் "குழாய் வேண்டாமா?" என்று கேட்கும்போது அவர் காதில் வேறு ஏதோ விழலாம். முடிவு உங்களுடையது, பராமரிப்பு கடைசி மூச்சுவரை நிற்காது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

படி 6: அதைச் சட்டப்படி எழுதி வைப்பது

உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ம் தேதி, கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லி, லிவிங் வில் எனப்படும் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றது. ஆனால் மாஜிஸ்திரேட் முன் கையெழுத்தாக வேண்டும் என்பது போன்ற விதிகளால் அது நடைமுறைக்கு வரவே இல்லை. 2023 ஜனவரியில் நீதிமன்றமே அதை எளிதாக்கியது. இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

18 வயது நிறைந்த, தெளிவான மனநிலையில் இருக்கும் யாரும் எழுதலாம். எந்த நிலையில் எந்தச் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது, எதை நிறுத்தலாம் என்று தெளிவாக எழுத வேண்டும். தம்மால் பேச முடியாதபோது தமக்காக முடிவு சொல்ல வேண்டியவர்களின் பெயர்களைக் குறிக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்டவர்களையும் குறிக்கலாம். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெசட் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று வாங்க வேண்டும். சாட்சிகள் குடும்பத்துக்கு வெளியே இருப்பது நல்லது. பிறகு ஒரு நகல் பெயர் குறிக்கப்பட்டவர்களிடம், ஒன்று குடும்ப டாக்டரிடம், ஒன்று மாநகராட்சி, நகராட்சி அல்லது பஞ்சாயத்தில் இதற்குப் பொறுப்பான அதிகாரியிடம். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால் எழுதாததற்குச் சமம்.

மருத்துவமனையில் இது எப்படி வேலை செய்யும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தாளைக் காட்டியவுடன் கருவியை அணைத்துவிட மாட்டார்கள். சிகிச்சை தரும் டாக்டரும், குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் கொண்ட குழு முதலில் பார்க்கும், முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்லும். பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவரும் இடம்பெறும் இரண்டாவது குழு பார்க்கும். குறிக்கப்பட்டவர்களின் சம்மதம் வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போகும். ஊசி போட்டு உயிரை எடுப்பது இந்தியாவில் குற்றம், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. எழுதிய ஆவணம் இல்லாவிட்டாலும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே குழு முறை உண்டு, ஆனால் அங்கே மறுபடி அந்தச் சகோதரச் சண்டை வந்து நிற்கும்.

பவர் பத்திரம் இருக்கிறதே, அது போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. எழுதிக் கொடுத்தவர் மனநிலை தவறினாலோ இறந்தாலோ பவர் செல்லாது. மறதிநோய் தொடங்கும் அறிகுறி தெரிந்தால் இந்த வேலைகளைத் தள்ளிப்போடவே கூடாது.

படி 7: வலி இல்லாமல் இருக்க வழி

மருத்துவமனையில் "இனி ஒன்றும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னதும், மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையைக் கையால் அமுக்கிக்கொண்டே ஆம்புலன்ஸில் ஊருக்குக் கொண்டுவருவது நம் வழக்கம். வீடு வந்து சேரலாம், ஆனால் வலிக்கு மாத்திரை இருக்காது, மூச்சுத் திணறினால் என்ன செய்வதென்று தெரியாது, டாக்டர் வரமாட்டார். "ஒன்றும் செய்ய முடியாது" என்பது நோயைக் குணமாக்குவதைப் பற்றிய பேச்சு மட்டும்தான். வலி, திணறல், வாந்தி, படுக்கைப் புண் இவற்றுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. அதற்குத்தான் வலிதணிப்பு மருத்துவம். கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993-ல் சிறிதாகத் தொடங்கி, 2008-ல் மாநில அரசுக் கொள்கையாகவே ஆனது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் வலிதணிப்பு சேவையும் சேர்ந்திருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் இதற்கென்றே பிரிவு உண்டு.

டிஸ்சார்ஜ் ஆகும்முன் கேட்க வேண்டியவை: வலிக்கு என்ன மருந்து, மார்பின் தேவையா, எங்கே கிடைக்கும், ராத்திரியில் யாரைக் கூப்பிடலாம். மார்பின் என்றதும் போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று பயப்படுபவர்கள் உண்டு. டாக்டர் சொன்ன அளவில் கடும் வலிக்குக் கொடுக்கும்போது அந்தப் பயம் தேவையில்லை, 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியதே நோயாளிகளுக்கு அது எளிதாகக் கிடைக்க வேண்டும் என்றுதான்.

படி 8: பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக

அவர் சொன்னதைக் கேட்டாயிற்று என்றால், அடுத்தது எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போது அவரையே மறுபடி சொல்ல வைப்பது. வெளியூர், வெளிநாட்டுப் பிள்ளைகளை வீடியோ அழைப்பில் சேருங்கள். நீங்கள் பேசாதீர்கள், அவர் பேசட்டும். "அம்மா, அன்னைக்கு எங்கிட்டச் சொன்னீங்களே, அதை அக்காகிட்டயும் சொல்லுங்க" என்பது போதும். மருமகன், மருமகள் இருக்கலாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும், ஆனால் தினமும் கூட இருந்து பார்த்துக்கொள்வது மருமகள் என்றால் அவரை அறைக்கு வெளியே நிறுத்துவது நியாயமில்லை.

தூரத்தில் இருக்கும் பிள்ளைதான் கடைசி நேரத்தில் வந்து "ஏன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகல?" என்று கத்துவது வழக்கம். பக்கத்தில் இல்லாமல் போன துயரம்தான் அது, கோபப்பட வேண்டாம். முதலிலிருந்தே அவருக்கும் ஒரு பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள், டாக்டரிடம் வாரம் ஒரு முறை போனில் பேசுவது, மருந்துச் செலவைப் பார்ப்பது, ஏதாவது ஒன்று.

படி 9: உயில், நாமினி, தாள்கள்

இதற்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். உயிலுக்கு முத்திரைத் தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் கட்டாயம். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுவது நல்லது, பின்னால் "அது அப்பா கையெழுத்தே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாதபடி கைகொடுக்கும்.

உயில் இல்லாமல் இந்து ஆண் இறந்தால் அவர் சொத்து எல்லாம் மனைவிக்குப் போய்விடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அவருடைய தாய் உயிரோடிருந்தால் தாய், மனைவி, மகன்கள், மகள்கள் என்று எல்லாருக்கும் சம பங்கு. குழந்தையில்லாத இந்துப் பெண்ணின் சுய சம்பாத்தியம், கணவரும் இல்லாவிட்டால், அவளைப் பெற்றவர்களுக்கு முன் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். அப்படிப்பட்ட பெண்கள் கட்டாயம் உயில் எழுத வேண்டும். முஸ்லிம் குடும்பங்களில் கடனும் அடக்கச் செலவும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் (உயில்) எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

வங்கியில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள், அவரே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை, வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கும். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு 4 பேர்வரை நாமினி போடலாம். பழைய கணக்குகளில் இறந்துபோன பாட்டியின் பெயர் நாமினியாக இருப்பதெல்லாம் சகஜம், ஒவ்வொன்றாகப் பாருங்கள். மறந்துபோன கணக்குகளைத் தேட ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளம் இருக்கிறது.

ஒரே கோப்பில் போட்டு வைக்க வேண்டியவை: பத்திரங்கள், பட்டா, வங்கிப் புத்தகங்கள், காப்பீடு, பென்ஷன் ஆணை, லாக்கர் சாவி இருக்குமிடம், கொடுக்கல் வாங்கல் (கைமாற்றாக வாங்கியது, சீட்டுப் போட்டது உட்பட), ஆதார் நகல்கள். செல்போன் திறக்கும் எண்ணை உறையில் போட்டு ஒட்டி வையுங்கள், இன்று எல்லா ஓடிபியும் அந்தப் போனுக்குத்தான் வருகிறது. கூகுள் கணக்கில், நீண்ட நாள் பயன்படுத்தாமல் போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று முன்பே குறிக்கும் வசதி உண்டு, புகைப்படங்களாவது தப்பும்.

படி 10: பெரிய காரியம்

எரிப்பதா, புதைப்பதா, எந்த ஊரில், எந்த முறையில். சென்னையில் இருக்கும் அப்பாவைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமா, இங்கேயே மின்மயானம் போதுமா? யார் கொள்ளி வைப்பது? மகள் மட்டும் உள்ள வீட்டில், "என் பொண்ணுதான் வைக்கணும்" என்று அப்பாவே பங்காளிகள் காதில் விழச் சொல்லியிருந்தால், அன்றைக்கு அந்தப் பெண் யாரிடமும் வாதாட வேண்டியதில்லை. பதினாறாம் நாள் செய்ய வேண்டுமா, எவ்வளவு செலவில் என்பதையும் சொல்லட்டும். கிறிஸ்தவக் குடும்பங்களில் குடும்பக் கல்லறை எது, அதில் இடம் இருக்கிறதா, பங்குக் கோயிலுக்குத் தர வேண்டிய விவரங்கள் என்ன என்று கேட்டு வையுங்கள்.

இன்னொன்றை எல்லா அப்பாக்களிடமும் வேண்டிக்கொள்கிறேன். உங்களுக்குப் பிறகு உங்கள் மனைவியை நடுவீட்டில் உட்கார வைத்து, வளையலை உடைத்து, பூவையும் பொட்டையும் எடுக்கும் அந்தச் சடங்கு வேண்டாம் என்று உயிரோடிருக்கும்போதே சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிவிடுங்கள். எழுதியும் வையுங்கள். துக்கத்தில் இருக்கும் பெண்ணாலோ பிள்ளைகளாலோ அந்த நேரத்தில் பெரிய அத்தைகளை எதிர்த்து நிற்க முடியாது. உங்கள் வாக்குக்கு மட்டும்தான் அங்கே அந்த வலிமை உண்டு.

தானம் பற்றி. கண்கள் என்றால் இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை நோயாளி எல்லாரும் கொடுக்கலாம். மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்துவிட்டுக் கண் வங்கிக்குச் சொன்னால் அவர்களே வீட்டுக்கு வருவார்கள், முகம் மாறாது. இதயம், கல்லீரல் போன்ற உறுப்புகளை மருத்துவமனையில் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்துதான் எடுக்க முடியும். 2008-ல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தபிறகுதான் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இதைப் பேசத் தொடங்கினார்கள். 2023 முதல் உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. முழு உடலையும் கொடுக்க விரும்பினால் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும், பிரேதப் பரிசோதனை செய்த உடலைப் பொதுவாக வாங்க மாட்டார்கள். தானம் செய்வதாக எழுதிய அட்டை வைத்திருந்தாலும் அந்த நேரத்தில் குடும்பம் சம்மதித்தால்தான் எதுவும் நடக்கும், எனவே இதையும் எல்லாரிடமும் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் இறந்தால் உடனே பக்கத்து டாக்டரை வரவழைத்துச் சான்று வாங்குங்கள், மயானத்தில் கேட்பார்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், கிராமங்களில் விஏஓவிடம். அப்புறம் இ-சேவை மையம் வழியாக வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். இறப்புச் சான்றிதழைப் பல நகல்கள் வாங்கி வையுங்கள்.

படி 11: மிஞ்சி இருப்பவர்

யாரும் கேட்காத கேள்வி இது: "எனக்கப்புறம் உங்க அம்மா எங்க இருப்பா?" பிள்ளைகள் ஆளுக்கு மூன்று மாதம் என்று பங்கு போட்டுக்கொள்வது அவருக்குப் பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. அம்மா தன் வீட்டிலேயே தனியாக இருக்க விரும்பலாம். அப்படியானால் வீட்டை அவர் பெயரில் வைப்பது, குடும்ப ஓய்வூதியத்துக்கான தாள்களைச் சரிபார்ப்பது, ஏடிஎம்மில் பணம் எடுக்கவும் கேஸ் பதிவு செய்யவும் இப்போதே பழக்கிவிடுவது எல்லாம் அப்பா இருக்கும்போதே நடக்க வேண்டிய வேலை. அம்மா முதலில் போனால்? ஒரு டீகூடப் போடத் தெரியாத அப்பா எப்படி இருப்பார் என்பதையும் அதே உட்காரலில் பேசுங்கள்.

எழுதியவை எல்லாவற்றையும் வருடத்துக்கு ஒரு தடவையும், ஒவ்வொரு மருத்துவமனை வாசத்துக்குப் பிறகும் எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மனம் மாறலாம். வென்டிலேட்டரே வேண்டாம் என்றவர், ஒரு தடவை அதிலிருந்து மீண்டு வந்தபின், "பரவாயில்ல, இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாம்" என்று சொல்லக்கூடும். லிவிங் வில்லை எப்போது வேண்டுமானாலும் எழுத்துமூலம் ரத்து செய்யலாம், புதிதாக எழுதினால் கடைசியாகக் கையெழுத்திட்டதுதான் செல்லும். உயிலும் அப்படித்தான். பழைய நகல்களைக் கொடுத்த இடங்களிலெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டு, புதியதைக் கொடுத்துவிடுங்கள், மாற்றம் என்ன என்பதை எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.